கேட்டுப் போடு

மதுரையில் கல்யாணச் சாப்பாடு என்றால் நான்தான். இதை அடுத்தவர் வாயால் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் நானே சொல்லிக்கொள்கிறேன். பழங்காநத்தத்தில் ஒரு பரோட்டாக் கடையில் எச்சில் இலை எடுக்கிறவனாக ஆரம்பித்தவன், இன்றைக்கு வைகாசி முகூர்த்தம் ஒன்று வந்தால் மேலூர் ரோடு, திருமங்கலம் ரோடு என்று நாலு திசையிலும் ஒரே நேரத்தில் அடுப்பு எரிய வைக்கிறேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்தேன் என்பதால் நாலாம் வகுப்பு என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் பேத்தி திருத்தித் தருவாள். கருத்துப் பிழை எனக்கு வராது.

தொழிலில் எனக்கு ஒரே சட்டம்தான். என் பந்தியில் உட்கார்ந்த ஆள் வயிறு முட்டாமல் எழுந்திருக்கக் கூடாது. "வேண்டாம்" என்பது நம் ஊரில் ஒரு பேச்சு மரியாதை. முதல் தடவை கூச்சத்தில் சொல்வார்கள். அடுத்த தடவை, முதலில் சொன்னதை மாற்றிக்கொள்ளக் கூச்சப்பட்டுச் சொல்வார்கள். அதற்கு மேலும் சொன்னால்தான் கரண்டியை வேறு இலைக்குத் திருப்புவோம், அதுவும் அரை மனதாக. பரிமாற வருகிற ஆட்களிடம் நான் எடுத்த எடுப்பிலேயே சொல்வது, காதை அடுப்படியில் கழற்றி வைத்துவிட்டுப் போ என்பதுதான்.

அந்தச் சட்டத்தை என் கண்ணெதிரே உடைத்துப் போட்டவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். உயிரோடு இருந்தால் "என்னையக் கேட்டியா?" என்பார். இனிமேல் கேட்க வழியில்லை. ஆகவே சார் என்றே இருக்கட்டும்.

சார் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கு மதுரையில் பாதிப் பேர் அவர் எழுதிக் கொடுத்த டி.சி.யை வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்திருப்பார்கள். அதனால் அவர் வீட்டுக்கு மீனாட்சி படம் போட்ட பத்திரிகையும் வரும், பிறை போட்டதும் வரும், சிலுவை போட்டதும் வரும். எல்லாவற்றுக்கும் அதே வெள்ளை அரைக்கைச் சட்டை, அதே முதல் பந்தி. ஆள் பென்சில் கணக்காக இருப்பார். வேட்டி இடுப்பில் நிற்பதற்குப் பெல்ட் கட்டியிருப்பார். இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு ஒருவர் ஊரில் ஒரு விருந்து விடாமல் போவது எனக்கு ஆரம்பத்தில் சந்தேகமாகவே இருந்தது. சாப்பாடு எங்கே போகிறது?

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு அயிட்டமும் விழ விழ, விண்ணப்பம் சரிபார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு கொஞ்சமாகத் தொடுவார். கண்ணை மூடுவார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பரிமாற யார் வந்தாலும் ஒரே வார்த்தைதான். "கேட்டுப் போடு."

எங்கள் பழக்கம் ஆரம்பித்ததே சண்டையில்தான். என்னிடம் பாண்டி என்று ஒருவன் பரிமாறுகிறான், அன்றைக்கும் இருந்தான், இன்றைக்கும் இருக்கிறான். ரசவாளியைத் தூக்கினால் வாளி காலியாகாமல் திரும்ப மாட்டான். சார் ரசம் போதும் என்று இடது கையை இலைக்கு மேலே விரித்து வைத்திருக்கிறார். பாண்டி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். "சும்மா வாங்கிக்கங்க சார்" என்று சொல்லிக்கொண்டே கொதிக்கிற ரசத்தைக் கையின் மேலேயே ஊற்றிவிட்டான்.

பந்தியே எழுந்துவிட்டது. சார் மட்டும் எழவில்லை. புறங்கையை ஒரு பார்வை பார்த்தார். வலது கை விரலால் அதிலிருந்து ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்தார்.

"ரசம் நல்லாயிருக்கு. ஆனா நான் இலையில சாப்பிட்டுத்தான் பழக்கம்" என்றார்.

நான் அடுப்படியிலிருந்து ஐஸ் கட்டியோடு ஓடி வந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு நியாயத்தையும் சொன்னேன். நியாயத்தைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

"சார், தப்புதான். ஆனா வேண்டாம்னதும் விட்டுட்டுப் போனா, பொண்ணு வீட்டுக்காரன் கஞ்சன்னு ஊரு பேசும் சார். எங்க பொழப்பு அப்படி."

"நீ ஊருக்குப் போடுறியா, என் வயித்துக்குப் போடுறியா?"

"வயித்துக்குத்தான் சார்."

"அப்ப வயித்துக்காரனைக் கேளு."

புறங்கையில் அந்த இடம் வெளுத்து, ஒரு கரண்டி வாய் அகலத்துக்குக் கடைசி வரை இருந்தது. பாண்டி எதிரே வந்தால் சார் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். "உன் கையெழுத்து" என்பார். பாண்டி வாளியோடு வேறு வரிசைக்கு ஓடுவான்.

அதற்குப் பிறகு பந்திக்கு முன்னால் அடுப்படிக்கே வந்துவிடுவார். "இன்னைக்கு என்னய்யா காண்ட்ராக்டரு?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு அண்டாவாக மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார். மற்றவர்கள் என் சாம்பாரைப் புகழ்வார்கள். இவர் "பருப்பு நல்லா வெந்திருக்கு, நீ வேகலை" என்பார். என்ன அர்த்தம் என்று கேட்டால், "புளியைக் கொறைக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்காங்க, ஒனக்கு மனசில்லாமச் செஞ்சிருக்க" என்பார். உண்மைதான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அசிடிட்டி.

இலையை மறைப்பது அவருக்கு வெறும் பழக்கம் இல்லை, ஒரு கொள்கை. ஒரு தடவை மதுரைப் பழைய டவுன் பக்கம் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம். சகன் சாப்பாடு. பெரிய தாம்பாளம் ஒன்றில் பிரியாணியைக் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அதிலேயே சாப்பிட வேண்டும். சார் உட்கார்ந்த தாம்பாளத்தில் மற்ற மூவரும் ஆட்டையே முழுசாக முடிக்கக்கூடிய ஆட்கள். ஆளாளுக்கு நல்ல கறித்துண்டாகப் பார்த்து அன்போடு சார் பக்கம் தள்ளுகிறார்கள். தனி இலையே இல்லாத இடத்தில் எதை மறைப்பது? அப்புறம் ஆள்காட்டி விரலால் பிரியாணியில் ஒரு கோடு கிழித்தார்.

"பாய், இது இந்தியா, அது இலங்கை. கப்பல் வேண்டாம்."

அந்த வீட்டுப் பெரியவர் சிரித்துச் சிரித்து, தொப்பி கழன்று விழ, எழுந்து வந்து சாரைக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வீட்டு விசேஷம் எதிலும் சார் உட்காருகிற தாம்பாளத்தில் கோடு கிழித்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

எல்லா இடமும் அப்படி இருக்காது. கீழக்குயில்குடியில் மலைக்குக் கீழே ஒரு கிடா விருந்து. சமையல் நான்தான், சொல்ல வேண்டியதில்லை. கிடா வெட்டின வீட்டுக்காரரே தன் கையால் கறியை அள்ளிக்கொண்டு வருகிறார். சார் ஒரு கரண்டியோடு கையை வைத்துவிட்டார். வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது.

"எங்க சாமிக் கறிய வேண்டாம்னு சொல்றீகளா?"

"கறி அமிர்தமா இருக்கு. என் வயிறு சின்னது. ரெண்டுமே உண்மை."

"ஒரு கரண்டி வாங்குனா கொறைஞ்சா போயிருவீக?"

"நான் எதுக்குக் கொறையப் போறேன்? கறிதான் கொறையும். பசிக்கிறவனுக்குப் போடுங்க."

வீட்டுக்காரரின் மச்சினன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "மாப்ள, இவுகளை யாரு கூப்பிட்டா?" என்றான். நான் குறுக்கே விழுந்தேன். அப்போது சார் என்ன செய்தார் தெரியுமா? அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "அந்த நல்லி ஒண்ணு, அது மட்டும், நான் கேட்டு வாங்கிக்கிறேன்" என்றார். வாங்கி, அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த ஒரு நல்லியை உறிஞ்சினார். அவர் உறிஞ்சின அழகைப் பார்த்து வீட்டுக்காரர் மனம் குளிர்ந்து, பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது மச்சினன்தான் அவரை பைக்கில் கொண்டுவந்து பழங்காநத்தத்தில் இறக்கினான்.

ஒருநாள் முதல் பந்தியில் சார் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் பதறிப்போய் உப்பா, காரமா என்று கேட்டேன். அவரோடு அதே ஆபீசில் வேலை பார்த்த நண்பரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நண்பருக்கு நெடுநாளாக மறதி நோய், யாரையும் அடையாளம் தெரியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, அதில் கஞ்சி ஊற்றுகிறார்கள். குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள்.

"பாசமான பிள்ளைகதான்யா. மணி அடிச்ச மாதிரி ஊத்துறாங்க. அவன் கையை வச்சு மறைக்கக்கூட முடியாமக் கெடக்கான்."

அப்புறம் அந்த வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "நாளைக்கு எனக்கு ஆபரேஷன்னு நாலு நாளைக்குக் குழாய் போட்டு, எந்திரிச்சு வந்துருவேன்னா போடுங்க, நானே மூக்கைக் காட்டுறேன். ஆனா புத்தி போயி, திரும்பி வராத ரூட்ல போயிக்கிட்டு இருக்கும்போது குழாய் வேண்டாம். வாயில வாங்குற வரைக்கும் வாங்குறேன். கையை வச்சா விட்டுருங்க. காண்ட்ராக்டரு, நீ சாட்சி."

"ஒங்களுக்கு என்ன சார், நூறு வயசு வரைக்கும் என் பந்திதான்" என்றேன். சாப்பிடும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று பால் பாயசத்தை வரவழைத்தேன். கேட்காமல் போடச் சொன்னேன். கையை வைத்தார்.

அதே நோய் அவருக்கும் வந்தது. முதலில் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கீழ் ஹாலில் கல்யாணம் இருக்க, மாடி ஹாலுக்குப் போய் யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, சாப்பிட்டும் விட்டார். மாப்பிள்ளை நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. யாரும் கோபப்படவில்லை. "ரெண்டு சாமியும் பாத்துக்கிரட்டும்" என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். முகூர்த்தமே இல்லாத நாளில் மண்டபத்துக்கு வந்து, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "இன்னும் இலை போடலையா?" என்பார். நான் இலை போடுவேன். ஆட்களுக்கு வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தைப் போடுவேன். "யாரு கல்யாணம்?" என்று கேட்பார். "என் கல்யாணம்தான் சார்" என்பேன். "ஒனக்கு இது தேவையா" என்பார்.

அவருக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. கோயம்புத்தூரில் டீச்சர். அம்மா எப்போதோ போய்விட்டார். ஸ்டெல்லா லீவு போட்டுவிட்டு வந்து பழங்காநத்தம் வீட்டிலேயே தங்கிவிட்டது. சாருக்கு மகள் பெயர் மறந்தது, நடை போனது, பேச்சு போனது. பிறகு விழுங்குவதும் போக ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தாலே புரையேறும். உடம்பு பென்சிலிலிருந்து ஈர்க்குச்சியாகிவிட்டது.

நான் விடுவேனா? ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் ஊட்டினவன், ஒரு ஆளுக்கு ஊட்ட முடியாதா? தினமும் தூக்குவாளியோடு போனேன். ஆட்டுக்கால் சூப், கேப்பைக் கூழ், வெண்டைக்காய்கூட வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று மசித்துக்கொண்டு போனேன். டி.வி.யில் சொல்லும் எந்தச் சத்து மாவும் என் கூழ் முன்னால் நிற்காது. சார் இருமி இருமி, ஒருநாள் அந்தக் கூழே நெஞ்சுக்குள் போய், காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மறுநாள் மத்தியானம் சூப்பை வடிகட்டிப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போனேன். மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். பதற்றத்தில் ஸ்டெல்லா சரி என்று சொல்லியிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனிமேல் புரையேறாது, இருமல் கிடையாது, என் சூப் நேராக வயிற்றுக்குப் போகும். பிளாஸ்கைத் திறந்துகொண்டே கிட்டப் போனேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். இடது கை. புறங்கையில் பாண்டியின் கையெழுத்து. இரண்டு தடவை குழாயைப் பிடுங்கிவிட்டாராம். மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

பிளாஸ்கை மூடிவிட்டேன்.

காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சின்ன வயசுதான், ஆனால் அவசரப்படாத பேச்சு.

"வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகலாம். குழாயை என்ன பண்றதுன்னு முடிவு பண்ணணும். இதை எடுத்துரலாம். இல்ல, வயித்துல துளை போட்டு நிரந்தரமா வைக்கலாம்."

"வச்சா எந்திரிச்சு நடப்பாரா?" என்று கேட்டேன்.

"இல்லைங்கய்யா. மூளை விழுங்குறதை மறந்துக்கிட்டே வருது, அது திரும்பாது. இந்தக் கட்டத்துல குழாய் வச்சவங்க கூடுதலா நாள் இருக்காங்கன்னு சொல்ல முடியலை. எச்சில் நெஞ்சுக்குள்ள போறதும் நிக்காது. பிடுங்காம இருக்கக் கையைக் கட்ட வேண்டி வரும்."

ஸ்டெல்லா, "அப்ப பட்டினி போடச் சொல்றீங்களா டாக்டர்?" என்றது.

"இல்லம்மா. முழிச்சிருக்கும்போது நிமிர்த்தி உக்கார வச்சு, வாயைத் திறந்தா கெட்டியா, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. மூடிட்டா நிறுத்திருங்க. அவருக்கு இப்ப நமக்கு இருக்கிற மாதிரி பசி இருக்காது. வாய் காயாம நனைச்சு விடுங்க. அப்பவும் கொஞ்சம் புரையேறத்தான் செய்யும், அதையும் மறைக்க மாட்டேன். உங்க அப்பா நல்லா இருந்தப்ப இதைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வராந்தாவுக்கு வந்ததும் அதன் போன் அடித்தது. திண்டுக்கல்லிலிருந்து அத்தை, சாரின் தங்கை. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "எங்கண்ணனை மகளே பட்டினி போட்டுக் கொன்னுட்டாள்னு ஊரு சொல்லும்டி. குழாயை எடுத்த, நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தது. "அண்ணே, அப்பா என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை. மகளாச்சேன்னு விட்டுட்டாரு போல. உங்க பந்தியிலதான் எல்லாம் பேசுவாரு. என்னண்ணே சொன்னாரு?"

என் நிலைமையைப் பாருங்கள். வாழ்நாள் பூராவும் வேண்டாம் என்றவன் இலையிலெல்லாம் போட்டுப் பேர் வாங்கினவன். என் வாயால் ஒரு மனிதனுக்குச் சாப்பாட்டை நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. குழாய் இருக்கும், என் சூப் போகும், அத்தை வருவார். ஆனால் துணி சுற்றின அந்தக் கை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

சொன்னேன். நண்பரைப் பார்த்துவிட்டு வந்த நாள், வரிசைக்கே கேட்கச் சொன்னது, நாலு நாளைக்கென்றால் மூக்கைக் காட்டுகிறேன் என்றது, திரும்பி வராத ரூட்டு என்றது, ஒரு வார்த்தை விடாமல். மூன்றாம் வகுப்பானாலும் எனக்கு ஞாபக சக்தி அப்படி.

"சொன்னது சரிண்ணே. ஊரு என்ன சொல்லும்?"

"நீ ஊருக்குப் போடுறியாம்மா, அவர் வயித்துக்குப் போடுறியா?" என்றேன். என் சொந்த வசனம் மாதிரியே சொன்னேன். அந்த நேரத்தில் அதன் வசனகர்த்தா யார் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்டெல்லா ரொம்ப நேரம் அழுதது. பிறகு எழுந்து போய் நர்ஸம்மாவிடம் முதலில் கேட்டது குழாயை இல்லை, கைக்கட்டை அவிழ்க்கச் சொல்லித்தான். அவிழ்த்தார்கள். கை ஆசீர்வாதம் பண்ணும், மகள் கன்னத்தைத் தடவும் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது நேராக மூக்குக்குப் போய்க் குழாயைப் பிடித்தது. "இருங்க தாத்தா, நானே எடுக்கிறேன்" என்று நர்ஸம்மா பதறியது. அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லா சிரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் திருவிழா. செய்தி பரவி, டி.சி. வாங்கின அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார்கள். பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி. கீழக்குயில்குடி மச்சினன் நல்லிச் சாற்றோடு வந்தான். ஸ்டெல்லா டீச்சராச்சே, வாசலிலேயே எல்லோருக்கும் பாடம் எடுத்துவிடும். நிமிர்த்தி வைத்த பிறகுதான். சின்ன ஸ்பூன்தான். கேட்ட பிறகுதான். சார் ஒன்றைத் தொட்டு நாக்கை ஒரு சுழற்றுச் சுழற்றுவார், அடுத்ததற்கு உதட்டை மூடிக்கொள்வார். பாய் வீட்டுக் கஞ்சிக்கு மூன்று தடவை வாய் திறந்தார். என்னுடைய சேமியாவுக்கு ஒரே தடவை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான். அத்தைகூட வாசப்படியை மிதித்துவிட்டார். அண்ணன் வாயில் பொரிச்ச குழம்பு ஒரு சொட்டு வைத்து, அவர் சப்புக்கொட்டுவதைப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே ஸ்டெல்லாவுக்குத் தலை வாரிவிட்டார்.

பாண்டி வர மாட்டேன் என்றான். இழுத்துக்கொண்டு போனேன். நான் தேங்காய்ப் பாலில் கெட்டியாகச் செய்த பாயசம் கிண்ணத்தில். ஸ்பூனை அவன் கையில் கொடுத்தேன். கோர்ட்டுக்கூண்டில் ஏறினவன் மாதிரி விறைத்து நின்று, "சார், பாயசம் வேணுங்களா சார்?" என்றான். தன் ஆயுசில் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சார் வாயைத் திறந்தார். ஒரு ஸ்பூன். நாக்கு சுழன்றது, கண் மூடியது, அதே பழைய முதல் பந்தி முகம். "இன்னொண்ணு வேணுங்களா சார்?" திறந்தார். மறுபடி கேட்டான். இந்தத் தடவை போர்வைக்குள்ளிருந்து இடது கை மெதுவாக வெளியே வந்தது. ஆடிக்கொண்டே காற்றில் தேடி, கிண்ணத்தின் வாய்மேல் விரிந்து உட்கார்ந்தது.

பாண்டியின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நிப்பாட்டிட்டேண்ணே" என்றான். பரிசு வாங்கின முகம்.

அதற்குப் பிறகு ஒரு வாரமோ என்னவோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பந்தி உட்காருகிற நேரம் பார்த்துப் போனார். இருமல் இல்லை, குழாய் இல்லை, இரண்டு கையும் மகள் கையில்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குச் சமையல் நான்தான், வேறு யாரை விடுவேன்? சாருக்கு மரியாதை செய்ய நினைத்து, அன்றைக்கு மட்டும் எல்லா இலைக்கும் கேட்டுப் போடுங்கள், வேண்டாம் என்றால் உடனே விட்டுவிடுங்கள் என்று ஆட்களுக்கு உத்தரவு. குழப்பம் என்றால் அப்படி ஒரு குழப்பம். வந்தவர்கள் பழக்கத்தில் முதல் தடவை வேண்டாம் என்றார்கள், மறு தடவை வற்புறுத்துவான் என்று இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியும் ஆட்களும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாதிப் பந்தி பட்டினி. "கேக்குறாய்ங்களே தவிரப் போட மாட்டேங்கிறாய்ங்க" என்று கைகழுவும் இடத்தில் ஒருவர் புலம்பிக்கொண்டே எதிர்த்த பரோட்டாக் கடையைப் பார்த்து நடந்தார். என் வாழ்க்கையில் ஆட்கள் பசியோடு எழுந்த ஒரே பந்தி அதுதான். ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பா இருந்திருந்தால் அந்த வரிசையில் அவர் ஒருவர்தான் திருப்தியாகச் சாப்பிட்டிருப்பார் என்றது.

அன்று மத்தியானம் வீட்டில் என் மகன்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். எனக்கும் அதே மாதிரிதான், திரும்பி வருகிற ரூட்டென்றால் குழாய் போடு, வராத ரூட்டென்றால் வேண்டாம், கையை வைத்தால் விட்டுவிடுங்கள் என்றேன். பெரியவன் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"அதெல்லாம் சரிப்பா. நீங்க என்னைக்கு இலைக்கு மேல கையை வச்சிருக்கீங்க? வச்சாத்தானே எங்களுக்குத் தெரியும்."

நியாயமான கேள்வி. எழுபது வருஷத்தில் நான் எதையும் வேண்டாம் என்றதே இல்லை. வராத பழக்கம் கடைசி நேரத்தில் எப்படி வரும்? அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி எடுக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு தடவையாவது இடது கையை விரித்து வைப்பது. என் சம்சாரத்துக்கு முதலில் புரியவில்லை, சுடச்சுட பூரியைக் கையின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். இப்போது கேட்கப் பழகிவிட்டாள்.

நேற்று பாயசம். ஒரு கிண்ணம் முடிந்தது. இன்னொரு கரண்டியோடு வந்தவள், "வேணுமா?" என்று கேட்டாள். நான் கையை விரித்து வைத்தேன். சுத்தமாக, சார் வைக்கிற மாதிரியே. மகன்கள் கவனித்தார்கள். அவள் கரண்டியைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்கு நடந்தாள். முந்திரி, தேங்காய்ப் பால், ஏலக்காய் வாசனை அவள் பின்னாலேயே போகிறது.

"ஏய், இன்னொரு தடவை கேளுடி" என்றேன்.

கேட்டாள். கையை எடுத்துவிட்டேன்.